அலர்ஜி மாத்திரையை அட்டைப் பெயர் பார்த்துப் போடுங்கள்

பிசான நெல் அறுவடைக்கு வரும் மாசி, பங்குனி மாதங்களில் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் களத்துத் தூசியாலும், செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இடைவிடாமல் இறங்கும் ஆனி, ஆடியில் மண்புழுதியாலும் பலருக்குத் தும்மலும் மூக்கொழுகலும் கண்ணரிப்பும் வந்துவிடுகின்றன. பீடி சுற்றும் வீடுகளில் புகையிலைத் தூள் ஆண்டு முழுவதும் மூக்கை உறுத்துகிறது. உடனே மெடிக்கலுக்குப் போய் "அலர்ஜி மாத்திரை ரெண்டு குடுங்க" என்று கேட்பதும், அட்டையிலிருந்து கத்தரித்துத் தரப்படும் இரண்டை வாங்கிப் பெயர்கூடப் பாராமல் விழுங்குவதும் நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. இம்மருந்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவதில் பெரும்பகுதி அந்தப் பெயரைத் தெரிந்துகொள்வதில்தான் அடங்கியிருக்கிறது. ஏனெனில் அலர்ஜி மாத்திரை என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவது தன்மையில் வெகுவாக வேறுபட்ட பல மருந்துகளை.

உடலுக்கு ஒவ்வாத தூசியோ மகரந்தமோ உணவோ சேரும்போது, திசுக்களில் உள்ள சில செல்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை வெளியிடுகின்றன. அது நரம்புகளிலும் ரத்தக் குழாய்களிலும் உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்வதால்தான் அரிப்பும் தடிப்பும் நீர்வடிதலும் உண்டாகின்றன. மாத்திரை, ஹிஸ்டமின் ஒட்டவேண்டிய அந்த இடங்களைத் தான் பிடித்துக்கொள்கிறதே தவிர, ஏற்கெனவே வெளிவந்த ஹிஸ்டமினை அழிப்பதில்லை. ஆகவே தும்மித் தும்மி ஓய்ந்த பிறகு போடுவதைக் காட்டிலும், களத்துக்கோ ஒட்டடை அடிக்கவோ போவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்வது நன்றாகப் பலன் தரும். தும்மல், அரிப்பு, காணாக்கடித் தடிப்பு ஆகியவற்றுக்கு இது ஏற்ற மருந்து. மூக்கடைப்புக்கு இதன் உதவி குறைவு. நாள்பட்ட மூக்கடைப்புக்கு மருத்துவர் எழுதித்தரும் ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான் மேலானது. ஆஸ்துமா இழுப்புக்கு இதை நம்பி இன்ஹேலரை நிறுத்தவே கூடாது.

இனிப் பெயர்களுக்கு வருவோம். குளோர்பெனிரமின், அவில் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த பெனிரமின், ஹைட்ராக்சிசின் ஆகியவை பழைய தலைமுறையைச் சேர்ந்தவை. இவை மூளைக்குள் எளிதில் புகுந்துவிடுவதால் தூக்கத்தையும், தூக்கம் வராதவர்களுக்கும்கூட ஒருவகை மந்தத்தையும் உண்டாக்குகின்றன. வாய் வறள்வதும் மலச்சிக்கலும் சிறுநீர் தடைப்படுவதும் இவற்றால் நேரலாம். செட்ரிசின், லெவோசெட்ரிசின், லோராட்டடின், ஃபெக்சோஃபெனடின், பிலாஸ்டின் ஆகியவை பிந்தைய தலைமுறை. இவற்றில் தூக்கம் குறைவு என்றாலும் எல்லாம் ஒன்றல்ல: செட்ரிசினும் லெவோசெட்ரிசினும் ஒரு சிலருக்கு நன்றாகவே கண்ணைச் செருகவைக்கும், ஃபெக்சோஃபெனடினில் அந்தத் தொல்லை மிகவும் அரிது.

இந்த வேறுபாட்டை உங்கள் வேலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நான்குவழிச் சாலையில் இரவில் வண்டி ஓட்டுபவர், கதிர் அறுக்கும் இயந்திரத்தில் உட்காருபவர், பனை ஏறுபவர், மரம் அறுக்கும் பட்டறையில் நிற்பவர் ஆகியோர் பழைய தலைமுறை மாத்திரைகளைத் தொடாமலிருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. "ராத்திரிதானே போட்டேன், காலையில் தெளிந்துவிடும்" என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் குளோர்பெனிரமின் உடலில் பாதியாகக் குறையவே பெரியவர்களுக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் பிடிக்கிறது. விழித்து எழுந்தபின் உடல் தெளிந்ததாகத் தோன்றினாலும் பிரேக்கை மிதிக்க எடுக்கும் நேரம் கூடியிருக்கக்கூடும், அது ஓட்டுபவருக்கே தெரியாது. எந்த மாத்திரையாயினும் முதன்முறை போடும்போது, மறுநாள் வண்டி எடுக்க வேண்டியிராத ஓர் இரவில் போட்டு, உடல் எப்படி ஏற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மது அருந்திய நாளில் இதைப் போடக் கூடாது. தூக்க மாத்திரை, மனநல மருந்து, வலிக்கான டிரமடால் போன்றவை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதைச் சேர்க்கக் கூடாது.

அளவில் நேரும் பிழைகளில் மூன்று அடிக்கடி காணப்படுபவை. பெரியவர்களுக்கான வழக்கமான அளவு செட்ரிசினில் 10 மில்லிகிராம், லெவோசெட்ரிசினில் 5 மில்லிகிராம், லோராட்டடினில் 10 மில்லிகிராம், ஃபெக்சோஃபெனடினில் 120 அல்லது 180 மில்லிகிராம். எல்லாம் ஒரு நாளைக்கு ஒரு முறை. லெவோசெட்ரிசின் என்பது செட்ரிசினிலிருந்து வேலை செய்யும் பாதியை மட்டும் பிரித்தெடுத்தது. ஆகவே அதன் 5 மில்லிகிராம் செட்ரிசினின் 10 மில்லிகிராமுக்குச் சமம். எண் சிறியதாக இருக்கிறதே என்று இரண்டாகப் போட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும். இரண்டாவது பிழை, ஒரே மருந்தை இரு பெயரில் விழுங்குவது. செட்ரிசின் கேட்காதபோது லெவோசெட்ரிசினைக் கூடுதலாகப் போடுவதும், தோல் அரிப்புக்கு ஹைட்ராக்சிசின் எழுதித் தரப்பட்டிருக்க அதன் மேல் செட்ரிசின் போடுவதும் இந்த வகைதான். ஹைட்ராக்சிசின் உடலுக்குள் போய்ச் செட்ரிசினாகவே மாறுகிறது.

மூன்றாவது பிழைதான் மிகவும் கவனிக்க வேண்டியது. சளி, காய்ச்சலுக்கு என்று விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலோடும், மூக்கடைப்புக்கெனச் சேர்க்கும் பினைலெப்ரினோடும் குளோர்பெனிரமினோ செட்ரிசினோ சேர்ந்தே இருக்கிறது. இருமல் மருந்துகள் சிலவற்றிலும் உண்டு. மூக்கொழுகலுக்கு அலர்ஜி மாத்திரை, தலைவலிக்குச் சளி மாத்திரை, இரவில் இருமலுக்கு ஒரு மூடி சிரப் என்று போடுபவர், ஒரே இரவில் மூன்று முறை ஒரே வகை மருந்தை உட்கொண்டிருப்பார். இதைத் தவிர்க்க ஒரே வழி, மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படிப்பது. எழுத்து தெரியாவிட்டால் கடைக்காரரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. பெயரும் காலாவதி நாளும் இல்லாத துண்டை வாங்காதீர்கள். முழு அட்டை வாங்கினால், அந்த விவரம் அச்சிட்ட பகுதி கடைசிவரை இருக்கும்படி மறுமுனையிலிருந்து மாத்திரையைப் பிரித்துவாருங்கள்.

விழுங்கும் முறை எளிது. செட்ரிசினை உணவுக்கு முன்னோ பின்னோ போடலாம். ஃபெக்சோஃபெனடினை வெறும் தண்ணீரில்தான் போட வேண்டும். ஆப்பிள், ஆரஞ்சுச் சாறு அது குடலில் ஏறுவதைக் குறைத்துவிடும், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல் மருந்துக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். பிலாஸ்டின் என்றால் சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

சிலர் தாமாக வாங்காமல் மருத்துவரைக் கேட்டே போட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குச் செட்ரிசின், லெவோசெட்ரிசின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், கோளாறு கடுமையானால் கொடுக்கவே முடியாது. கண் அழுத்த நோயோ புராஸ்டேட் வீக்கமோ உள்ளவர்களுக்குப் பழைய தலைமுறை மாத்திரைகள் ஆகா. வயதான ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் அவை குழப்பத்தையும், இரவில் எழுந்து நடக்கையில் தடுமாறி விழும் ஆபத்தையும் கொண்டுவரும். கருவுற்றவர்களும் பால் கொடுக்கும் தாய்மாரும் கேட்டுப் போட வேண்டும். குழந்தைக்கு நம் மாத்திரையை ஒடித்துக் கொடுக்கும் பழக்கம் அறவே வேண்டாம். வயதுக்கும் எடைக்கும் ஏற்பச் சிரப்பாக மருத்துவர் சொன்ன அளவில், மருந்தோடு வரும் அளவுமூடியால் அளந்தே கொடுக்க வேண்டும். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று உறையில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. பயணத்தில் பிள்ளை தூங்கட்டும் என்பதற்காக இம்மருந்தைக் கொடுப்பது ஆபத்தானது.

மாத்திரையால் ஆகாத நிலை ஒன்று உண்டு. குளவியோ கடந்தையோ கொட்டிய பின், இறால் முதலிய உணவுக்குப் பின், அல்லது ஊசி, மருந்துக்குப் பின் உதடும் நாக்கும் வீங்கினாலோ, குரல் கம்மினாலோ, மூச்சு இரைந்தாலோ, உடலெங்கும் தடிப்போடு வாந்தியும் மயக்கமும் வந்தாலோ, அது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை. அதற்கு உரிய மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரை வேலை செய்ய ஒரு மணி நேரம்வரை ஆகலாம், தொண்டை அடைப்பதையும் ரத்த அழுத்தம் விழுவதையும் அதனால் தடுக்க இயலாது. மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள், அல்லது அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ, எது முதலில் எட்டுமோ அங்கே கொண்டுசெல்லுங்கள். அதுவரை அவரைப் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்த்து உட்காரவைக்கலாம், எழுந்து நடக்கவிடாதீர்கள். சரியானதாகத் தோன்றிச் சில மணி நேரம் கழித்து மீண்டும் வரக்கூடும் என்பதால், மருத்துவர் சொல்லும் நேரம்வரை அங்கேயே இருக்க வேண்டும்.

காணாக்கடி ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அத்தகையவர்களுக்கு அவர் வழக்கமான அளவைவிடக் கூட்டி எழுதுவது உண்டு. அந்தச் சீட்டைப் பார்த்து வீட்டில் மற்றவரும் அதே அளவில் போடக் கூடாது. மாதக்கணக்கில் அன்றாடம் செட்ரிசினோ லெவோசெட்ரிசினோ போட்டுவந்தவர்கள் சட்டென நிறுத்தும்போது சிலருக்குக் கடும் அரிப்பு ஏற்படுவதாக 2025-ஆம் ஆண்டு அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஆகவே நீண்டநாள் போட்டதை மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்றறியத் தோலில் ஒவ்வாமைச் சோதனை செய்யவிருப்பவர்கள், நாள் குறிக்கும்போதே எந்த மாத்திரையைப் போடுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். சோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அதை நிறுத்தச் சொல்வார்கள், இல்லையென்றால் மருந்து உடலில் இருக்கையில் தோல் தடிக்காமல் போய், ஒவ்வாத பொருளும் ஒத்துக்கொள்வதாகவே முடிவு வந்துவிடும்.