நெற்றியில் கட்டிய கயிறு

தண்டையார்பேட்டையிலிருந்து துறைமுகப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசுக்குத் தினமும் போய்வருகிறேன். சாயங்காலம் நாலு மணியானால் நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவது போல வலிக்கும். கண்ணாடி மாற்றினேன், தைலம் தடவினேன். அப்புறம் மாத்திரை. வாரம் ஒன்று என்று ஆரம்பித்தது, தினமும் ஒன்றானது.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை என்பதுதான். சாதாரண வலி மாத்திரையைக்கூட மாதம் 15 நாளுக்குக் குறையாமல், மாதக்கணக்கில் போட்டால் அதுவே தலைவலியைக் கொண்டுவருமாம். டென்ஷனில் கழுத்து, தோள், தாடைத் தசைகள் இறுகுவது இன்னொரு பக்கம். கண்டெய்னர் பேப்பர்களை நான் பல்லைக் கடித்துக்கொண்டே பார்ப்பது அன்றுவரை எனக்கே தெரியாது.

அவர் சொன்னபடி மாத்திரையை நிறுத்தினேன். முதல் பத்து நாள் வலி கூடியது. என் எரிச்சலையெல்லாம் தாங்கியவள் மனைவிதான், பாவம். வலி வரும் நேரத்தை ஒரு நோட்டில் எழுதிவந்தேன். மதியச் சாப்பாடு தள்ளிப்போன நாட்களில்தான் அதிகம்! இப்போது ஒரு மணிக்குச் சாப்பாடு, கழுத்துக்கு வெந்நீர்த் துண்டு, காலையில் காசிமேடு வரை நடை. மீன் ஏலச் சத்தத்தில் நிம்மதியா என்று சிரிப்பார்கள். எனக்கு அங்கேதான் தோள் இறங்குகிறது.

மூன்று மாதமாகிறது. வலி மாதம் இரண்டு முறை வருகிறது, அதுவும் கணக்கு முடிக்கும் வாரத்தில்.