எக்ஸெல் செல்லில் தெரிவது வேறு, உள்ளே இருப்பது வேறு

எக்ஸெல்லில் ஒரு செல் கோணலாகத் தெரிந்தால் நம்ம ஆட்கள் முதலில் செய்வது, அதை அழித்துவிட்டுத் திரும்ப அடிப்பது. திரும்ப அடித்தாலும் அதேதான் வரும். அடுத்து ஃபார்மட்டை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள், அதில் பாதி நேரம் இருந்ததும் கெட்டுப்போகும். அதற்கு முன்னால் அந்தச் செல்லை ஒரு கிளிக் செய்துவிட்டு மேலே இருக்கும் ஃபார்முலா பாரைப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் கோளாறு தோற்றத்தில் மட்டும்தான், நிம்மதியாகச் சரிசெய்யலாம். அங்கேயும் மாறியிருந்தால் சரக்கே மாறிவிட்டது, ஃபார்மட்டைத் தட்டிக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை.

##### என்று வருவது பெரும்பாலும் தோற்றக் கோளாறுதான். நெடுவரிசையின் அகலம் போதவில்லை, தலைப்பின் ஓரக் கோட்டில் டபுள் கிளிக் செய்தால் விரிந்துவிடும். ஆனால் எவ்வளவு இழுத்தாலும் போகாத ##### ஒன்று உண்டு. அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் ராத்திரி 22:00 மணிக்கு வந்து காலை 6:00 மணிக்குப் போகிற ஆளுக்கு, போன நேரத்திலிருந்து வந்த நேரத்தைக் கழித்தால் மைனஸில் வரும், மைனஸ் நேரத்தை எக்ஸெல்லுக்குக் காட்டத் தெரியாது. அந்தக் கழித்தலை மாட் ஃபங்ஷனுக்குள் போட்டு 1-ஆல் வகுத்த மீதியை எடுத்தால் 8:00 வந்துவிடும். அதே ஷீட்டில் மூன்று நாளைக் கூட்டினால் 24:00 வருவதற்குப் பதில் 0:00 என்று நிற்கும், ஆள் ஓசியில் வேலை பார்த்த மாதிரி. மணியைக் குறிக்கும் எச் எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு ஃபார்மட் கொடுத்தால் சரியாகும்.

இனி சர்வே நம்பர் விஷயம், நம்ம பக்கத்தில் அதிகம் கஷ்டப்படுத்துவது இதுதான். ராதாபுரம், நாங்குநேரி வட்டாரத்தில் காற்றாலைக்கும் மற்றதுக்கும் நிலப் பட்டியல் தயாரிக்காத டைப்பிங் சென்டரே குறைவு. 112/3 என்று அடித்தால் அப்படியே நிற்கும். 12/3 என்று அடித்து என்டர் தட்டினால் 12 மார்ச் ஆகிவிடும், கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் இருந்தால் 3 டிசம்பர். கதவு எண்ணும் இப்படித்தான், 5/11 என்பது ஒரு நவம்பர் தேதியாக உட்கார்ந்திருக்கும். இதைப் பார்த்துப் பதறி ஃபார்மட்டை டெக்ஸ்ட் என்று மாற்றுவார்கள் பாருங்கள், அங்கேதான் தப்பு. 2025-ல் அடித்த 12/3 என்றால் 45728 என்று ஓர் எண் வந்து நிற்கும். 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டே வந்த நாள் கணக்கு அது. எக்ஸெல்லைப் பொறுத்தவரை நீங்கள் சர்வே நம்பர் கொடுக்கவே இல்லை, தேதிதான் கொடுத்தீர்கள். டெக்ஸ்ட் ஃபங்ஷனில் நாளும் மாதமும் மட்டும் கேட்டு ஓரளவு மீட்கலாம், ஆனாலும் பத்திரத்தோடு ஒருதடவை ஒப்பிட்டுப் பார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். அடிக்கத் தொடங்கும் முன்பே நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலும் 1-ம் சேர்த்து அழுத்தி டெக்ஸ்ட் என்று வைத்துவிடுவதுதான் வழி. ஒன்றிரண்டு செல் என்றால் முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போதும்.

உலகம் முழுக்க இந்தத் தலைவலி உண்டு. மனித மரபணு ஒன்றின் சுருக்கப் பெயர் மார்ச்1 என்று இருந்தது, எக்ஸெல் அதைத் தேதியாக்கித் தள்ளியதால் 2020-ல் பெயரையே மார்ச்எஃப்1 என்று மாற்ற வேண்டியதாயிற்று. 2023-ல் மைக்ரோசாஃப்ட் இந்தத் தானியங்கி மாற்றங்களில் சிலவற்றை நிறுத்த, ஆப்ஷன்ஸில் டேட்டா பகுதியில் வசதி கொடுத்தது. முன்பூஜ்ஜியம் போவது, நீள எண் சுருங்குவது, எழுத்தும் எண்ணும் ஒட்டியிருந்தால் தேதியாவது எல்லாம் அதில் இருக்கிறது. சாய்கோடு போட்ட நம்ம 12/3 அந்தப் பட்டியலில் இல்லை.

நீள எண்ணில் இரண்டு விதமான சங்கடம் உண்டு, இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. 12 இலக்க ஆதார் எண் நடுவில் ஈ எழுத்தும் பிளஸ் 11-ம் போட்டுச் சுருங்கித் தெரிந்தால் அது வெறும் தோற்றம், தசமம் இல்லாத நம்பர் ஃபார்மட் கொடுத்தால் முழுசாக வரும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண் அப்படியல்ல. எக்ஸெல் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும், பதினாறாவது பூஜ்ஜியமாகிவிடும், ஃபைலைச் சேமித்த பிறகு அது எங்கேயும் இல்லை. சுய உதவிக் குழுப் பட்டியலில் எல்லாருடைய கணக்கு எண்ணும் பூஜ்ஜியத்தில் முடிந்தால் சந்தேகப்படுங்கள். 0462 என்ற எஸ்டிடி கோடு 462 ஆவது சின்ன விஷயம், நான்கு பூஜ்ஜியத்தைக் கஸ்டம் ஃபார்மட்டாகக் கொடுத்தால் திரும்பிவிடும்.

ஃபார்முலா விடை தராமல் ஃபார்முலாவாகவே நின்றால் அந்தச் செல் டெக்ஸ்டில் இருக்கிறது என்று அர்த்தம். ஜெனரலுக்கு மாற்றி, எஃப்2 அழுத்தி, என்டர் தட்ட வேண்டும். மாற்றினால் மட்டும் போதாது. ஷீட் முழுக்க அப்படித் தெரிந்தால் கன்ட்ரோலோடு, எஸ்கேப்புக்குக் கீழே உள்ள கீயில் கை பட்டிருக்கும், திரும்ப ஒருதடவை அழுத்துங்கள். லட்சம் கணக்கில் கமா 100,000 என்று விழுந்தால் எக்ஸெல்லைத் திட்ட வேண்டாம், விண்டோஸின் ரீஜனை இந்தியாவுக்கு மாற்றினால் 1,00,000 ஆகும்.

தமிழில் அடித்த பட்டியல் கெட்டுத் தெரியும்போது என்ன மாதிரிக் கெட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்து கிடந்தால் பாமினி மாதிரிப் பழைய ஃபான்டில் அடித்தது, அந்த ஃபான்டைப் போட வேண்டும், அல்லது யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். வெறும் சதுரக் கட்டமாக வந்தால் நிர்மலா யுஐ, லதா என்று தமிழ் உள்ள ஃபான்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். தலையில் கோடு போட்ட ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் எழுத்துமாக வரிசையாக வந்தால் சிஎஸ்வி ஃபைலை, அதாவது கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைலை, டபுள் கிளிக் செய்து திறந்திருக்கிறீர்கள். டேட்டா மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து யூடிஎஃப்-8, அதாவது 65001, தேர்ந்தெடுங்கள். கெட்டுத் தெரிகிற நிலையில் சேவ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

பைசா விஷயத்துக்கு வருவோம். 90.20 மதிப்புள்ள மூன்று அல்வா பில்லுக்கு 2.5 சதவீதம் வரி போட்டால் ஒவ்வொன்றிலும் 2.26 என்று தெரியும், கூட்டுத்தொகை 6.77 என்று வரும். கடை அண்ணாச்சி கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு 6.78 அல்லவா வருகிறது என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான், உள்ளே இருப்பது 2.255. தசமத்தைக் குறைத்துக் காட்டுவது ரவுண்ட் செய்வது ஆகாது, ஒவ்வொரு வரியிலும் ரவுண்ட் ஃபங்ஷன் போட்டுத்தான் கூட்ட வேண்டும். ஆப்ஷன்ஸில் தெரிகிறபடியே மதிப்பை மாற்றிவிடும் ஒரு டிக் இருக்கிறது. சுலபமாக இருக்கிறதே என்று அதைத் தொடாதீர்கள், ஒர்க்புக் முழுவதிலும் தசமத்தை நிரந்தரமாக வெட்டிவிடும், அப்புறம் டிக்கை எடுத்தாலும் பழைய எண் வராது.