கணக்குக் கொப்பியில் ஆன்ம சோதனை

நம் நாளை நாமே ஆராய்ந்து பார்க்கும் ஆன்ம சோதனைக்கு ஒரு கணக்குக் கொப்பி, ஒரு பேனை, இரவில் கால் மணி நேரம் போதும். முதல் கிழமை எந்தத் தீர்மானமும் எடுக்காதீர்கள். பொழுது எங்கே போனது என்று மட்டும் எழுதுங்கள். கட்டாயம் எழுதத்தான் வேண்டும். மனக்கணக்கு எப்போதும் நமக்குச் சாதகமாகவே கூட்டும்.

திருகோணமலையில் எனக்கு ஒரு சிறிய தையற்கடை இருக்கிறது. ஒரு தவக்காலத்தில் கோவிலுக்குப் பீடத் துணி தைத்தேன். காசு வாங்கவில்லை, ஆண்டவருக்குத்தானே என்ற நிறைவு. கிழமை முடிவில் கொப்பியைக் கூட்டினேன். பீடத் துணிக்கு 14 மணி நேரம். படுக்கையில் கிடக்கும் மாமிக்கு அருகே அமர்ந்தது 40 நிமிடம், அதுவும் கையில் ஊசியோடு. சோறு ஊட்டியது பக்கத்து வீட்டுப் பிள்ளை. அன்றிரவு நெடுநேரம் அழுதேன். கோவில் வேலையையும் தயங்காமல் கணக்கில் எழுதுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

அடுத்த கிழமை ஒரே ஒரு குறையை எடுங்கள். கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையின் குருக்கள் நெடுங்காலம் பணிசெய்த ஊர் இது. அந்தச் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் காட்டிய வழி எளிது. 1548 இல் அச்சான அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற நூலில் அது இருக்கிறது. நாளுக்கு இரண்டு கோடாக ஏழு நாளுக்கும் கோடு போடுங்கள். காலையில் எழுந்ததும் அந்தக் குறையை நினைத்துக் கொள்ளுங்கள். பகல் உணவுக்குப் பின் எத்தனை முறை தவறினீர்களோ அத்தனை புள்ளிகளை முதல் கோட்டில் வையுங்கள். இரவு உணவுக்குப் பின் இரண்டாவதில். தவறும் கணத்திலேயே நெஞ்சில் கை வையுங்கள். கடையில் ஆட்கள் நிற்கும்போதும் இதைச் செய்யலாம். கழுத்தில் தொங்கும் அளவு நாடாவின் மேல் என் கை போகும், யாருக்கும் தெரியாது.

இரவில் நாள் முழுவதையும் பார்க்க அமரும்போது முதலில் நன்றி சொல்லுங்கள், பிறகு உள்ளதை உள்ளபடி காண ஒளி கேளுங்கள், அதன் பின்னரே குறைகளுக்கு வாருங்கள். வரிசையை மாற்றினால் வெறும் மனவேதனைதான் மிஞ்சும். கடைசியாக மன்னிப்பும் நாளைக்கான தீர்மானமும். புள்ளிகள் குறையாவிட்டால் கொப்பியோடு குருவிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கள்.

நேற்று மாமிக்குச் சூடை மீனும் சோறும். சூடைக்கு முள் அதிகம். ஒவ்வொன்றாக எடுத்து, கடைசி வாய் வரை நானே ஊட்டினேன். இரண்டாவது கோடு வெறுமையாக இருக்கிறது.