சார்ஜ்: யார் மேல் என்ன ஏறுகிறது?

கப்பலில் ஏற்றும் சரக்குக்குக் கொடுக்கும் பில் ஆஃப் லேடிங் என்ற ரசீதில் போர்ட் ஆஃப் லோடிங் என்று ஒரு கட்டம் இருக்கும், போர்ட் ஆஃப் டிஸ்சார்ஜ் என்று இன்னொன்று. ஏற்றுகிற துறைமுகம், இறக்குகிற துறைமுகம். பகலில் மண்ணடியில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் இந்தத் தாள்களோடுதான் என் பிழைப்பு. சாயங்காலம் காசிமேட்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், சரக்கு யார்டு வேலைக்கும் ஷிப்பிங் கம்பெனி வேலைக்கும் இன்டர்வியூ போகிற பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். சார்ஜ் என்ற வார்த்தைக்கு வந்தால் போர்டில் எழுதுவதற்கு முன்னால் இந்தத் தாளைத்தான் கையில் கொடுப்பேன்.

"அக்கா, போனுக்குப் போடறதுதானே சார்ஜ்?" என்பார்கள். அதுவும்தான். ஆனால் போலீஸ் தாக்கல் செய்வது சார்ஜ் ஷீட், கூட்டத்தைக் கலைப்பது லத்தி சார்ஜ், புது அதிகாரி எடுப்பது சார்ஜ், பேங்க் சத்தமில்லாமல் பிடிப்பதும் சார்ஜ். ஒவ்வொன்றையும் தனி வார்த்தையாக மனப்பாடம் செய்தால் நான்காவது நாளே மறந்துவிடும். வேரைப் பிடியுங்கள். லத்தீனில் காரஸ் என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவது என்ற வினை அதிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு சார்ஜ் ஆக வந்தது. கார், கேரி, நம் துறைமுகத்தில் எல்லோர் வாயிலும் புரளும் கார்கோ, எல்லாம் அதே குடும்பம். அதனால் சார்ஜ் எங்கே வந்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: யார் மேல் என்ன ஏறுகிறது?

காசு ஏறினால் கட்டணம். வாக்கிய அமைப்பு: ஆள், தொகை, அப்புறம் ஃபார். "தே சார்ஜ்ட் மீ டூ ஹண்ட்ரட் ருப்பீஸ் ஃபார் டெலிவரி." இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஆனால் எல்லாக் கட்டணமும் சார்ஜ் இல்லை. நாம் 'பஸ் சார்ஜ்' என்றே பழகிவிட்டோம். இங்கிலீஷில் அது ஃபேர். டாக்டருக்கும் வக்கீலுக்கும் கொடுப்பது ஃபீ, தப்புக்குக் கட்டுவது ஃபைன், ரோட்டுக்குக் கட்டுவது டோல். ஒரு சேவைக்கோ வசதிக்கோ கேட்கிற காசுதான் பெரும்பாலும் சார்ஜ்: ஸ்டோரேஜ் சார்ஜ், ஹேண்ட்லிங் சார்ஜ். கூடுதலாகப் பிடுங்கினால் ஓவர்சார்ஜ். கல்மண்டபத்தில் ஆட்டோ பேரம் பேசுகிறவர்களுக்கு இதற்கு உதாரணம் நான் சொல்ல வேண்டியதில்லை. சொத்தின் மேல் கடன் ஏறியிருந்தாலும் சார்ஜ்தான். வில்லங்கச் சான்றிதழில் நாம் தேடிப் பார்ப்பது அந்த மாதிரி பாரத்தைத்தான்.

பொறுப்பு ஏறினால் இன் சார்ஜ். இன்டர்வியூவில் அதிகம் சறுக்குவது இங்கேதான், அதனால் இதில் நிறைய நேரம் செலவழிப்பேன். "ஐ ஆம் இன் சார்ஜ் ஆஃப் தி யார்ட்" என்றால் யார்டு என் பொறுப்பில். நடுவே ஒரு 'தி' நுழைந்தால் தலைகீழ்: "தி கார்கோ இஸ் இன் தி சார்ஜ் ஆஃப் தி கஸ்டோடியன்" என்றால் சரக்கு கஸ்டோடியனின், அதாவது அதைக் காத்து வைத்திருப்பவரின், பொறுப்பில் இருக்கிறது. ஒரு சின்ன 'தி' முதலாளியைச் சரக்காக்கிவிடும். பயோடேட்டாவில் 'யார்டு இன்சார்ஜ்' என்று பதவிப் பெயராக எழுதுவது நம் ஊரில் ஓடும். வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பும்போது சூப்பர்வைசர் அல்லது மேனேஜர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். நர்ஸிங் படிக்கிற பெண் ஒருத்தி, சார்ஜ் நர்ஸ் என்றால் பில் போடுகிறவரா என்று கேட்டாள். இல்லை, அந்த ஷிஃப்டில் வார்டைக் கவனிக்கும் பொறுப்பு அவர் தலையில். பொறுப்பில் விடப்பட்ட குழந்தையையோ நோயாளியையோகூட 'ஹெர் சார்ஜ்' என்று சொல்வதுண்டு. கதைகளில் வரும்.

குற்றம் ஏறினால் சார்ஜ் வித். "ஹி வாஸ் சார்ஜ்ட் வித் தெஃப்ட்." அக்யூஸ் வந்தால் ஆஃப், சார்ஜ் வந்தால் வித், இதை மட்டும் குருட்டு மனப்பாடம் செய்துவிடுங்கள், காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பேப்பர் படிக்கிறவர்களுக்கு இன்னொன்று: சார்ஜ் ஷீட் போலீஸ் கொடுப்பது, சார்ஜ் ஃப்ரேம் செய்வது, அதாவது குற்றச்சாட்டைப் பதிவு செய்வது, கோர்ட். அதற்கு முன்பே போதிய ஆதாரம் இல்லை என்று கோர்ட் விடுவித்தால் டிஸ்சார்ஜ், விசாரணை முடிந்து நிரபராதி என்றால் அக்விட்டல். இரண்டுக்கும் 'விடுதலை' என்றே செய்தி வரும், குழம்ப வேண்டாம். அரசு வேலையில் அப்பா அம்மா இருக்கிற வீட்டில் 17பி என்று காதில் விழுந்திருக்கும். ஒழுங்கு நடவடிக்கைக்காக ஊழியருக்குக் கொடுக்கும் அந்த சார்ஜ் மெமோவும் இந்த வகைதான்.

டிஸ் சேர்ந்தால் பாரம் இறங்குகிறது. ஆஸ்பத்திரியில் 'டிஸ்சார்ஜ் ஆனார்' என்கிறோம். இங்கிலீஷில் 'வாஸ் டிஸ்சார்ஜ்ட்', ஏனென்றால் அவரை ஆஸ்பத்திரிதான் அனுப்புகிறது. ஐப்பசி, கார்த்திகையில் புழல் ஏரியிலிருந்து விநாடிக்கு இத்தனை கன அடி திறப்பு என்று செய்தி வருகிறதே, பொறியாளர்கள் அந்த அளவையும் டிஸ்சார்ஜ் என்றுதான் எழுதுவார்கள்.

லத்தி சார்ஜ் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அங்கே என்ன ஏறுகிறது? ஆயுதத்தில் வெடிமருந்து நிரப்புவதும் ஒரு காலத்தில் சார்ஜ். அதிலிருந்துதான் பாய்ந்து தாக்குவதற்கும் அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்கிறார்கள். வியாசர்பாடிப் பையன்களுக்கு இதை ஃபுட்பாலை வைத்தே விளக்கலாம். தோளோடு தோள் இடித்துப் பந்துக்குப் போனால் அது முறையான சார்ஜ். கவனமில்லாமலோ முரட்டுத்தனமாகவோ இடித்தால் ஃப்ரீ கிக். விதிப் புத்தகத்திலேயே அந்த வார்த்தை இருக்கிறது.

இனி போன். மின்சாரத்தில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற பேச்சை 1740களில் கொண்டுவந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். பீரங்கி வரிசைக்கு வழங்கிய பேட்டரி என்ற பெயரை மின்சாரத்துக்கு எடுத்து வந்ததும் அவர்தான். பள்ளிப் பாடத்தில் இந்த சார்ஜ் மின்னூட்டம். நல்ல சொல், ஊட்டுவதும் ஒருவகை ஏற்றுவதுதானே. 'சார்ஜ் போடு' என்பதை 'புட் சார்ஜ்' ஆக்காதீர்கள். "சார்ஜ் தி போன்" போதும், "புட் இட் ஆன் சார்ஜ்" என்றாலும் சரி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் 'சார்ஜ் நிக்கலண்ணே' என்கிறோமே, அதற்கு "இட் டஸ்ன்ட் ஹோல்ட் எ சார்ஜ்."

உச்சரிப்பு ஒன்று பாக்கி. கடைசியில் உகரம் வேண்டாம், சார்ஜு அல்ல. முதல் ஒலி பச்சை, மொச்சையில் வருகிற அழுத்தமான ச்ச. அதை ஸார்ஜ் என்று வழுக்கவிட்டு, கடைசி எழுத்தையும் விழுங்கிவிட்டு, யார்டுக்குப் போன் போட்டு "ஹூ இஸ் இன் சார்ஜ் டுடே?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த சாரும்மா?" என்பார்கள்.