அப்பாவின் வீடும் வங்கிக் காசும்: செத்தவீட்டுக்குப் பிறகு

இலங்கையில் இறந்தவரின் சொத்தை உரியவர்களின் பெயருக்கு மாற்றுவதென்றால், முதலில் மரண அத்தாட்சிப்பத்திரத்தை ஒன்றிரண்டல்ல, நிறையப் பிரதிகள் எடுத்து வையுங்கள், எங்கே போனாலும் கேட்பார்கள். எடுத்ததும் அதிலுள்ள பெயரை அடையாள அட்டையோடும் காணி உறுதியோடும் வைத்துப் பாருங்கள். உறுதியில் 'கந்தையா சிவலிங்கம்', அத்தாட்சிப்பத்திரத்தில் 'க. சிவலிங்கம்' என்றிருந்தால் இப்போதே லோயரிடம் சொல்லிவிடுங்கள், பின்னால் இது பெரிய தலையிடி.

அப்புறம் மரணசாசனம் (தன் சொத்து யாருக்கு என்று அவர் எழுதி வைத்த உயில்) இருக்கிறதா என்று தேடுங்கள்: அலுமாரி, லொக்கர், வழமையாக உறுதி எழுதும் நொத்தாரிஸ். நொத்தாரிஸும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டதோ, நொத்தாரிஸ் இல்லாமல் ஐந்து சாட்சிகள் கையெழுத்திட்டதோ, இரண்டும் செல்லும். சாசனம் இருந்தால் நீதிமன்றத்தில் புரொபேட் (சாசனம் செல்லும் என்ற உத்தரவு) எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நிருவாகக் கடிதம் (சொத்தை நிர்வகித்துப் பிரிக்க ஒருவருக்குத் தரும் அதிகாரம்). கொழும்பில் வாழ்ந்தவர் என்றால் வழக்கு புதுக்கடை மாவட்ட நீதிமன்றத்தில். பத்திரிகையில் மூன்று மொழியிலும் அறிவித்தல் போட வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

வங்கிக் கணக்கில் நொமினி (தனக்குப் பிறகு காசைப் பெற அவர் பெயர் கொடுத்தவர்) போட்டிருந்தால் அந்தக் காசு பொதுவாக வழக்குக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, நேரே வங்கிக்குப் போங்கள்.

சாசனம் இல்லாதபோதுதான் வீட்டில் சண்டை வரும். பொதுச் சட்டப்படி துணைக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. ஆனால் யாழ்ப்பாணத்தவருக்குத் தேசவழமை என்ற அவர்களுடைய வழமைச் சட்டம், முஸ்லிம்களுக்கு அவர்களுடைய சட்டம், கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருந்தாலும் அது பொருந்தலாம். மாமா, சித்தப்பா சொல்லும் கணக்கை நம்பி எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

மரணவரிக்குப் பயப்பட வேண்டாம், அதை 1980களிலேயே எடுத்துவிட்டார்கள்.