ஆங்குலர் டைரக்டிவுக்குள் பிள்ளை எலிமென்ட்களைப் பிடிப்பது எப்படி?
யாழ்ப்பாணம் – பருத்தித்துறை பஸ் நேர அட்டவணைக்கு, ஆங்குலர் என்ற வெப் ஃபிரேம்வொர்க்கில் ஒரு பக்கம் செய்துகொண்டிருந்தேன். அடுத்த பஸ்ஸின் வரிசையை நிறம் மாற்றிக் காட்ட, டேபிளின் மேல் சொந்தமாக ஒரு டைரக்டிவ், அதாவது ஒரு எலிமென்டுக்குக் கூடுதல் வேலை கற்றுக்கொடுக்கும் கிளாஸ். உள்ளே உள்ள வரிசைகளை எடுக்க, சொந்த டெம்ப்ளேட்டில் (எச்டிஎம்எல் வார்ப்பில்) இருப்பவற்றைத் தேடித்தரும் வியூசில்ட்ரன் டெக்கரேட்டரைப் போட்டேன். ஒன்றுமே இல்லாத பட்டியல்தான் வந்தது. ஒரு பின்னேரம் முழுக்க அதிலேயே போய்விட்டது.

டைரக்டிவுக்குச் சொந்த டெம்ப்ளேட் கிடையாது. அதற்குள் இருப்பவை எல்லாம் ஆங்குலரின் கணக்கில் ‘கன்டென்ட்’. ஆகவே அவற்றைத் தேடும் கன்டென்ட்சில்ட்ரன் டெக்கரேட்டர்தான் சரி. அதையும் கன்ஸ்ட்ரக்டரில் தேடாதீர்கள். கன்டென்ட் தயாரானதும் ஆங்குலர் அழைக்கும் என்ஜிஆஃப்டர்கன்டென்ட்இனிட் வரை பொறுக்க வேண்டும்.

அப்புறம் இன்னொரு வில்லங்கம். கன்டென்ட்சில்ட்ரன் சும்மா விட்டால் நேரடிப் பிள்ளைகளை மட்டும்தான் பார்க்கும். டேபிளுக்கும் வரிசைக்கும் நடுவில் டீபாடி என்ற எச்டிஎம்எல் டேக் நிற்கிறதே, அப்போது வரிசைகள் பேரப்பிள்ளைகள்! டெக்கரேட்டரில் டிசென்டன்ட்ஸ் என்ற ஆப்ஷனை ட்ரூ ஆக்கினால் அவையும் கிடைக்கும்.

வெறும் டேக் பெயரைக் கொடுத்துத் தேட முடியாது. வரிசையில் ஹேஷ் அடையாளம் போட்டு ஒரு பெயர் வையுங்கள், அல்லது அதற்கும் ஒரு சின்ன டைரக்டிவ் எழுதுங்கள். நேரங்கள் சேர்வரிலிருந்து பிந்தி வருமென்றால், பட்டியல் மாறும்போது அறிவிக்கும் அதன் சேஞ்சஸை சப்ஸ்கிரைப் செய்துவிடுங்கள்.