பொழுதுபோக்கா செஞ்ச சாஃப்ட்வேருக்கு மார்க் போடப் போறீயளா? இந்தத் தப்பெல்லாம் வேண்டாம்

பாளையங்கோட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் வேல முடிஞ்சு வந்து ராத்திரி உக்காந்து சொந்தமா சாஃப்ட்வேர் எழுதுத ஆளுவ நெறைய உண்டு. ஒருத்தன் பலசரக்குக் கடைக்கு பில் போடுத ஆப் செய்வான், ஒரு பிள்ள தாமிரபரணிய வச்சு குட்டி கேம் செய்யும், ரிட்டயர்டு வாத்தியாரு ஒருத்தரு தமிழ் டைப்பிங் டூல் எழுதி வச்சிருப்பாரு. இவிய பத்துப் பன்னெண்டு பேரு சேந்து, ஒருத்தரு செஞ்சத இன்னொருத்தரு ஓட்டிப் பாத்து மார்க் போடலாம்னு ஆரம்பிச்சா மொத வாரம் நல்லாத்தான் போவும், ரெண்டாவது வாரம் "எனக்கு ஏம்ல மூணு போட்ட"ன்னு சண்ட வந்து நிக்கும். ஆளுவ மேல தப்பு சொல்லிப் பிரயோசனம் இல்ல. போடுத நம்பர் எந்தக் கேள்விக்குப் பதிலுன்னு முடிவு பண்ணாமலே எல்லாரும் நம்பரப் போட ஆரம்பிச்சிருதாவ, வம்பு அங்கனதான் தொடங்குது.

"நல்லாருக்கா?"ன்னு கேட்டு மார்க் வாங்குததுதான் இருக்கதுலயே பெரிய தப்பு. யாருக்கு நல்லாருக்கணும்? வாத்தியாரோட டூலயே எடுத்துக்கிடுங்க, அது 1999ல தமிழ்நாடு அரசு அறிவிச்ச தமிழ்99 கீபோர்டுக்குன்னே எழுதுனது. போன்ல இங்கிலீஷ் எழுத்தத் தட்டித் தட்டியே தமிழ் வரவச்சுப் பழகுன பய அத ஓட்டிப் பாத்துட்டு ஒண்ணும் வெளங்கலன்னு 1 போடுதான், டவுன்ல அச்சாபீஸ்ல பழைய டைப்ரைட்டர் முறையிலயே வருசக்கணக்கா அடிச்சுக்கிட்டு இருக்க அண்ணாச்சி 2 போடுதாரு, தமிழ்99 தெரிஞ்ச ஒரே ஒரு அக்கா 5 போடுதாவ. சராசரி 2.67. இதுல டூலப் பத்தி என்னவே தெரியுது? அந்த ரூம்ல தமிழ்99 தெரிஞ்சவங்க ஒருத்தர்தான்னு தெரியுது, அவ்வளவுதான். அதனால செஞ்சவரு மொதல்லயே ரெண்டு வரி எழுதிக் குடுத்துரணும், இது யாருக்கு, இது என்ன வேல செய்யும்னு. மார்க் போடுதவரு அந்த வேல நடக்கான்னு பாக்கணும், அந்த ஆளுவ கூட்டத்துல தான் சேத்தியில்லன்னா மார்க்கே போடாம கருத்து மட்டும் எழுதிட்டுப் போவணும். கூடவே எந்த மெஷின்ல ஓட்டுனேன்னு ஒரு வரி. 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்ல திணறுன கேம் புது மெஷின்ல பறக்கும், ரெண்டு பேரும் சொல்லுதது உண்மதான்.

பொறவு இந்த பத்துக்கு இத்தனங்கிற சமாச்சாரம். நம்ம ஊர்ல மொகத்துக்கு நேரா யாரும் பத்துக்கு 4 போட மாட்டாவ. ஏதோ இருக்குன்னா 7, நல்லாருக்குன்னா 8, பிடிச்சுப் போச்சுன்னா 9. பேருக்குத்தான் பத்து படி, பொழங்குதது மூணு. இது நம்மளோட மட்டும் நிக்கல, யூடியூப்காரங்களே 2009ல எங்களுக்கு வாரதுல பெரும்பாலும் 5 ஸ்டார்தான்னு வெளிப்படையா சொல்லிட்டு அடுத்த வருசம் பிடிச்சுது, பிடிக்கலன்னு ரெண்டே ரெண்டு கட்டைவிரலுக்கு மாறுனாவ, நெட்ஃபிளிக்ஸும் 2017ல ஸ்டார எடுத்துட்டு கட்டைவிரலுக்கு வந்துட்டாவ. கட்டைவிரல்தான் ஒரே வழின்னு நான் சொல்ல மாட்டேன். போர்டு கேமுக்கு மார்க் போடுத போர்டுகேம்கீக் வெப்சைட்டுல 1லருந்து 10 வரைக்கும் ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்துல ஒரு வாக்கியம் எழுதி வச்சிருக்காவ, அதுல பாதி "திரும்ப ஆடத் தோணுதா"ங்கிறதச் சுத்தியே இருக்கும். அந்த ஐடியா நமக்கும் பொருந்தும். 5ன்னா நாளைக்கும் இதத்தான் ஓட்டுவேன், 3ன்னா வேல நடக்கும் ஆனா வேற கெடச்சா மாறிருவேன், 1ன்னா சொன்ன வேல நடக்கவே இல்ல. இப்பிடி எழுதி ஒட்டிட்டா மரியாதைக்கு மார்க் போடுதது பாதி கொறையும்.

சராசரிய மட்டும் வச்சு வரிசைப் படுத்துதது அடுத்த தப்பு. ரெண்டே ரெண்டு கூட்டாளிய 5 போட்ட ஆப்பு மொத எடத்துல நிக்கும், இருவது பேரு ஓட்டிப் பாத்து 4.4 வாங்குனது அதுக்குக் கீழ நிக்கும், பாக்கவனுக்கு கோட்டி பிடிச்சுரும். இதுக்கு வழி ரொம்ப லேசு. ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் ஆரம்பத்துலயே 3 மார்க்ல அஞ்சு பொய் ஓட்டு சேத்துருங்க. ரெண்டு ஓட்டு வாங்குனதுக்கு 10ம் 15ம் சேந்து 25, அத ஏழால வகுத்தா 3.57. இருவது ஓட்டுக்காரனுக்கு 88ம் 15ம் 103, இருவத்தஞ்சால வகுத்தா 4.12. வரிசை சரியாயிட்டு. ஓட்டு ஏற ஏற பொய் ஓட்டோட பாரம் தானா கொறஞ்சிரும். சினிமாவுக்கு மார்க் போடுத ஐஎம்டிபி வெப்சைட்டோட முதல் 250 பட்டியலும் கிட்டத்தட்ட இந்தக் கணக்குதான், என்ன, அங்க 25,000 ஓட்டு வாங்குனாத்தான் உள்ளயே விடுவாவ. இட்ச்.ஐஓங்கிற வெப்சைட்டுல நடக்குத கேம் ஜாம்ல, அதாவது கொறஞ்ச நாளுக்குள்ள கேம் செய்யுத போட்டில, வேற கணக்கு. எல்லா கேமும் வாங்குன ஓட்ட வரிசையா நிறுத்தி நடுவுல நிக்க எண்ணிக்கைய எடுப்பாவ, அதுக்குக் கொறவா ஓட்டு வாங்குன கேமோட மார்க்க வெட்டுவாவ, நடு எண்ணிக்கை 16ன்னு வச்சுக்கிடுங்க, 9 ஓட்டு வாங்குனவனுக்கு முக்கால்வாசிதான் கெடைக்கும், 4.8 வாங்குனது 3.6 ஆயிரும். பெரிய கூட்டத்துக்கு அது சரி, பன்னெண்டு பேரு கூட்டத்துக்கு ரொம்பக் கொடும, ஆளு வராமப் போன வாரத்துக்கு அந்தப் பய என்ன செய்வான்?

இப்ப முக்கியமான எடத்துக்கு வாரேன். மார்க்கக் கூறு போட்டுக் கூட்டுதது. தோற்றத்துக்கு 5, வேகத்துக்கு 5, வசதிக்கு 5, நம்பகத்துக்கு 5, மொத்தம் 20. பாக்க அழகாத்தான் இருக்கும். ஆனா பில் போடுத ஆப்பு தோற்றத்துல 5, வேகத்துல 5, வசதில 5, கரண்டு போயி வந்தா மட்டும் அன்னைக்குப் போட்ட பில்லு பூராவும் காணாமப் போவும்னு வைங்க, நம்பகத்துக்கு 1. மொத்தம் 20க்கு 16. பதினாறு வாங்குன ஆப்ப நம்பி ஒரு கடைக்காரரு வாங்கிப் போட்டாருன்னா அவரு கதி என்னாவது? டேட்டாவ இழக்குத சாஃப்ட்வேருக்கு கலர் நல்லாருந்தா என்ன, இல்லாட்டி என்ன. கூட்டல் கணக்குல இந்தக் கொற மறஞ்சிரும். அதுக்குத்தான் சில விசயத்த மார்க்குக்கு வெளிய வாசப்படி மாதிரி வைக்கணும்: டேட்டா தொலையக் கூடாது, சொல்லாம போன் நம்பர் காண்டாக்ட் எதையும் எடுக்கக் கூடாது, நிறுத்துனா நிக்கணும். இதுல ஒண்ணு தப்புனாலும் மார்க் கெடையாது, சரி பண்ணிட்டு வான்னு அனுப்பிரணும்.

கூறு போடுததுல இன்னொரு அநியாயமும் இருக்கு. படம், பட்டன் எதுவும் இல்லாம கட்டளையத் தட்டி கமாண்ட் லைன்ல ஓடுத டூலுக்கு கிராஃபிக்ஸ் கட்டத்துல என்னத்த எழுத? காலியா விட்டா எக்செல் ஷீட்டுல எவனாவது அத 0ன்னு கூட்டிருவான். பொருந்தாதுங்கிறது வேற, பூஜ்யங்கிறது வேற. 2002லருந்து நடக்குத லூடம் டேர்ங்கிற கேம் ஜாம்ல கிராஃபிக்ஸ், ஆடியோ, காமெடின்னு தனித்தனி பிரிவு உண்டு, ஆனா செஞ்சவரு எனக்கு இந்தப் பிரிவு வேண்டாம்னு வெலகிக்கிடலாம், ஒட்டுமொத்த மார்க்கும் கூட்டி வாரதில்ல, அத ஆளுவகிட்ட தனியாக் கேட்டுத்தான் வாங்குதாவ. நம்மளும் அப்பிடியே செய்யலாம்.

செஞ்சவங்களே ஒருத்தருக்கொருத்தர் மார்க் போடும்போது அது கல்யாண வீட்டு மொய் மாதிரி ஆயிரும், நீ எனக்கு 5 எழுதுனியா, நானும் உனக்கு 5 எழுதணும், கொறச்சா காலத்துக்கும் பேச்சு. இத ஆளத் திட்டி நிறுத்த முடியாது. எல்லாரும் போட்டு முடிக்க வரைக்கும் யாரு என்ன போட்டான்னு காட்டாதீங்க, தன்னோடதுக்குத் தானே போடக் கூடாது, ஒரே வீடு ஒரே ஆபீஸ்னா வெலகிக்கிடணும். 1995லருந்து நடக்குத ஐஎஃப்காம்ப்ங்கிற எழுத்து விளையாட்டுப் போட்டில கொறஞ்சது அஞ்சு கேமுக்கு மார்க் போட்டாத்தான் உங்க ஓட்டே செல்லும். கூட்டாளிக்கு மட்டும் போட்டுட்டு ஓடுதவன அது தடுத்துரும். அதே போட்டில கேம எத்தன மணி நேரம் வேணா ஆடுங்க, ஆனா மொத ரெண்டு மணி நேரத்துல தோணுன மார்க்கத்தான் போடணும், எல்லாருக்கும் ஒரே அளவு. எனக்கு ரொம்பப் பிடிச்சது அவிய குடுக்குத கோல்டன் பனானா ஆஃப் டிஸ்கார்ட், ஓட்டு ரொம்பச் சிதறுன கேமுக்குன்னே ஒரு பட்டம். பாதிப் பேரு 5, பாதிப் பேரு 1 போட்டதும் 3 தான், எல்லாரும் 3 போட்டதும் 3 தான், ரெண்டும் ஒண்ணா? எத்தன பேரு எத போட்டாவன்னு பக்கத்துல சின்னதா காட்டிருங்க.

இலவசம்தானன்னு பாவப்பட்டு ஒரு மார்க் கூடப் போடுதது வேண்டாம். காசு குடுத்து வாங்குன கம்பெனி சாஃப்ட்வேரோட ஒப்பிட்டு ஒரு மார்க் கொறைக்கதும் வேண்டாம். அவரு சொன்ன ரெண்டு வரியோட ஒப்பிடுங்க.

வெர்ஷன எழுதாம விடுததும் நெறைய நடக்கு. 0.3ல வாங்குன 2 மார்க்கு 1.0 வந்த பொறவும் கழுத்துல தொங்கிக்கிட்டு இருந்தா அவரு எதுக்கு ராத்திரி முழிச்சு சரி பண்ணணும்? ஆனா ஒவ்வொரு வெர்ஷனுக்கும் அழிச்சுட்டு மொதல்லருந்து ஆரம்பிச்சாலும் வம்புதான். ஆப்பிள் ஆப் ஸ்டோர்ல முன்னாடி அப்பிடித்தான் இருந்துது, 2017ல ஐஓஎஸ் 11 வந்தப்பதான் பழைய ஸ்டார அழிக்கதும் வச்சுக்கிடுததும் செஞ்சவரு இஷ்டம்னு விட்டாவ. கேம் விக்குத ஸ்டீம் தளத்துல 2016லருந்து மொத்த மதிப்பீடு தனியா, சமீபத்துல வந்தது தனியான்னு ரெண்டையும் காட்டுதாவ. நமக்கு அது போதும்.

கடைசியா இந்தப் புள்ளிக்கப்புறம் வார ரெண்டு எண்ணு. பன்னெண்டு பேரு ஓட்டுல 52 வாங்குனா 4.33, 51 வாங்குனா 4.25, ஒருத்தரு சாப்பிடாம வந்து ஒரு மார்க் கொறச்சுட்டாருன்னா தீந்துது. அத வச்சு மொதப் பரிசு ரெண்டாம் பரிசுன்னு பிரிக்காதீங்க. 2010ல வந்த ஃபால்அவுட் நியூ வேகாஸ் கேமுக்கு விமர்சகருவ போட்ட மார்க்கச் சேத்து நூத்துக்கு இத்தனன்னு சொல்லுத மெட்டாகிரிட்டிக்ல 85 வந்தா போனஸ்னு பேச்சு, வந்தது 84, செஞ்ச கம்பெனிக்கு போனஸ் போச்சு, இத அங்க வேல பாத்த கிறிஸ் அவலோனே 2012ல வெளிய சொன்னாரு. நம்ம கூட்டத்துல அரை மார்க்குக்குள்ள நிக்க எல்லாரையும் ஒரே எடம்னு அறிவிச்சிருங்க. பரிசு அல்வான்னா இன்னொரு கால் கிலோ சேத்து வாங்குனா முடிஞ்சு போச்சு.